ஒரு சொல்லுக்கு மூன்று வாய்

ஏப்ரல் 9

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும், கொடியில் காயும் என் இரண்டு சட்டைகளும் சுகம். உனக்குச் சளி குறைந்ததா?

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உனக்கு வந்த கவரில் "எட்டாம் நம்பர் பேட்டரி, தண்ணீர் குறைவு, பதினொன்று, சூடு அதிகம்" என்று ஒரு தாள் இருந்திருக்குமே, அது உனக்கு எழுதியது இல்லை. எங்கள் கிடங்கு சூப்பர்வைசருக்கு எழுதியது. அவருடைய தாள் உனக்கு வந்தது என்றால் உன் கடிதம் யாருக்குப் போயிருக்கும் என்று பார்த்துக்கொள். மறுநாள் காலையில் மனிதர் பேட்டரி ரூம் வாசலில் வந்து நின்று, முப்பது பேர் காதில் விழும்படி சொன்னார்: "அண்ணே, நான் நல்லா இருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடறேன். மழையில நனையறதில்ல. கண்ணுன்னு கூப்பிட்டீங்களே, அதுக்கு ரொம்ப சந்தோஷம்." கிடங்கே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அந்தக் கடிதத்தில் நான் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அகராதி ஆபீஸில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அங்கே உனக்கு என்னதான் வேலை? சித்தப்பா கேட்கிறார், நான் "பெரிய வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனில் கேட்கலாம்தான். போனில் நமக்கு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "சரி வெச்சிடறேன்" என்பதைத் தாண்டி எதுவும் வருவதில்லை. பேனாவைப் பிடித்தால் மட்டும் எனக்கு வாய் முளைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளேன்.

வெந்நீர் குடி. 

அன்புடன், அப்பா


ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி போய்விட்டது, குரல் மட்டும் இன்னும் தவளைக் குரல். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

எட்டாம் நம்பர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று இங்கே எல்லோரும் விசாரிக்கிறார்கள். அந்தத் தாளை என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

என் வேலை இதுதான். தமிழுக்குள் வந்து வீட்டு மனிதர்களாகவே ஆகிவிட்ட ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி போடுகிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு சொல். எனக்கு விழுந்தது 'சார்ஜ்'. சிரிக்காதீர்கள். விடிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் போடும் மனிதருக்கு மகளாகப் பிறந்தது தெரிந்துதான் கொடுத்தார்களோ என்னவோ.

அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்தது. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆனது. முதலில் வண்டிக்குச் சுமை. பிறகு துப்பாக்கிக்கு மருந்து, பேட்டரிக்கு மின்சாரம். ஒருவர் தலையில் பொறுப்பை ஏற்றினால் இன்சார்ஜ், பழியை ஏற்றினால் சார்ஜ் ஷீட். பயணத்தின் மேல் கட்டணத்தை ஏற்றினால் பஸ் சார்ஜ். ஏற்றியதை இறக்கிவிட்டால் டிஸ்சார்ஜ். இன்றைக்குத் தமிழில் புழங்குவது ஐந்து பொருள், ஆனால் ஒரே வண்டிதான் அப்பா.

இதை நான் சொன்னால் போதாது. இங்கே ஒரு விதி இருக்கிறது. ஒரு பொருளுக்கு மூன்று வாய் வேண்டும். உண்மையான மூன்று மனிதர்கள் உண்மையாகப் பேசிய வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சொன்னவர் யார், எங்கே, எப்போது, யாரிடம் என்று மேலே எழுத வேண்டும். கீழே வாக்கியம், அட்சரம் மாறாமல்.

செப்டம்பர் கடைசியில் கமிட்டி என் சொல்லைப் படிக்கும். தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு வந்தவளுக்குத் திரும்பிப் போக அங்கே நாற்காலி இல்லை. இந்தக் கவரில் ஐம்பது வெற்றுச் சீட்டு வைத்திருக்கிறேன். உதவுவீர்களா?

உங்கள் மகள்


மே 4

என் கண்ணுக்கு,

அப்பா சுகம். நீயும் உன் தவளையும் சுகமா?

எட்டு வருடமாகச் சார்ஜ் போடுகிறேன், நான் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போயிற்று! அன்று முழுக்க ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒயரை மாட்டும்போது "ஏறு, ஏறு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உதவுவீர்களா என்று கேட்கிறாய். என்ன கேள்வி இது? இரண்டே வாரத்தில் பதினைந்து சீட்டும் தயார், இதோ. மாதிரிக்கு மூன்று:

சொன்னவர்: லாரி ஓட்டுநர். இடம்: கிடங்கு வாசல். "போன்ல சார்ஜ் இல்லேன்னா ஆளே ஊமைன்னு வெச்சுக்கோயேன்."

சொன்னவர்: காய்கறி விற்கும் பெண்மணி. இடம்: கடைத்தெரு. "பஸ் சார்ஜ் ஏறிடுச்சுன்னா அப்புறம் நடைதான்னு வெச்சுக்கோயேன்."

சொன்னவர்: ஓய்வுபெற்ற போலீஸ்காரர். இடம்: பூங்கா. "சார்ஜ் ஷீட் போட்டாச்சுன்னா கதை முடிஞ்சதுன்னு வெச்சுக்கோயேன்."

எப்படி? உன் கமிட்டி அசந்துபோகும் பார். நிம்மதியாகத் தூங்கு.

அப்பா


மே 22

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் உங்கள் பதினைந்து சீட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்: "ஏம்மா, உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே வாயா? மூணு வாய் கேட்டா, ஒரே வாய் மூணு தடவை கொட்டாவி விட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு பொய்ச் சீட்டு இந்த மேஜைக்கு வந்துதுன்னா, செப்டம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுப் பதினைந்தையும் கிழித்துக் குப்பையில் போட்டார்.

அந்த லாரி ஓட்டுநர் யார் அப்பா? அந்தப் போலீஸ்காரர்? பூங்காவுக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?

கையெழுத்து உங்களுடையது. தலை குனிந்தது நான்.

மகள்


ஜூன் 16

அன்பு மகளே,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

மூன்று வாரமாகக் கடிதம் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டுநர், காய்கறிப் பெண்மணி, போலீஸ்காரர் என்று யாருமே கிடையாது. எல்லோரும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்கள். அப்பன் ஒருவனே, அதனால் வாயும் ஒன்றாகப் போயிற்று.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன், திட்டாமல் கேள். பேட்டரி ரூமில் காற்றாடிச் சத்தத்தில் எட்டு வருடம் தனியாகவே இருந்துவிட்டேன். உன் அம்மா இருந்தவரை ஊர்ப்பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வரும். அவள் போன இந்த ஆறு வருடத்தில் நானாகப் போய்ப் பேசிய ஆட்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதிலும் விரல் மிச்சம். கேண்டீன் அக்காவிடம் தினமும் இரண்டு வேளை டீ வாங்குகிறேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் பேசிய மொத்தப் பேச்சும் "ஒண்ணு" என்ற ஒரு சொல்தான். சர்க்கரை போதுமா என்று அவர் கேட்டால் தலையாட்டுவேன். போதாது என்றாலும் அதே தலையாட்டல்தான். இந்த லட்சணத்தில் ஒருவர் முன்னால் போய் நின்று "கொஞ்சம் பேசுங்க, எழுதிக்கறேன்" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கடிதத்தில் வாயாடுகிறவன் நேரில் வாயில்லாப் பூச்சி என்பது உனக்குத் தெரியாததா.

உன் வேலையோடு விளையாடிவிட்டேன். இனிமேல் நான் அனுப்பும் சீட்டில் ஓர் எழுத்துகூடப் பொய் வராது. இது சத்தியம். வெற்றுச் சீட்டு மிச்சம் இருக்கிறது. இன்னும் ஒரு தடவை நம்புவாயா?

அப்பா


ஜூன் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மழை, நான் சுகம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபம் இரண்டாவது தடவையிலேயே போய்விட்டது.

எனக்குத் தெரியாமல் போயிற்று அப்பா. நீங்கள் எழுதும் கடிதங்களைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து கதையளந்துகொண்டு இருப்பீர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

உங்களிடம் இன்னும் முப்பத்தைந்து சீட்டு மிச்சம் இருக்கும். பதினைந்து வேண்டாம். ஒன்று போதும், நிஜமாக ஒன்று. முதலில் கேண்டீன் அக்காவிடம் போங்கள். சர்க்கரை போதாது என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்


ஜூலை 25

என் கண்ணுக்கு,

அப்பா சுகம், கொஞ்சம் பிரபலமும் ஆகிவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ சொன்னபடியே கேண்டீனில் போய் நின்றேன். "சர்க்கரை பத்தல" என்றேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடக் கடவுளே, பேசுவீங்களா நீங்க? நான் உங்களுக்குத் தொண்டையில ஏதோ கோளாறுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!" அப்படியே பேச்சு போயிற்று. நடுவில் "இந்தப் போனுக்குக் காலையில சார்ஜ் போட்டா மத்தியானமே செத்துப் போவுது, என்னை மாதிரி" என்றார். பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்து அங்கேயே எழுதினேன். முதல் வாய்!

அங்கேதான் வினை பிடித்தது. சொன்னவர், இடம், தேதி, யாரிடம் என்று ஒருவன் சீட்டில் எழுதிக்கொண்டு திரிந்தால் கிடங்கில் என்ன நினைப்பார்கள்? மேலிடத்துக்கு ஆள்காட்டுகிறேன் என்று பேச்சாகிவிட்டது. நான் போனால் கூட்டம் கலைகிறது. என் பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் என்ற பாரம் தூக்கும் வண்டியை ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் பேசினால் அடுத்த தெருவில் கதவு திறக்கும், அதனால் அவருக்கு 'சைலன்ஸர்' என்று பெயர். அவரே என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள். நாலாம் நாள் அவர் என் சட்டைப்பையைத் தட்டிக் கேட்டார்: "என்னய்யா எழுதற? எவன் மேல சார்ஜ் ஷீட்டு போடப் போற? என் மேலயா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "இதையும் எழுதிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அடி விழாமல் தப்பியது சூப்பர்வைசரால். "அண்ணனோட பொண்ணு அகராதி எழுதுதுய்யா. எனக்கு வந்த லெட்டர்ல படிச்சேன்" என்று அவர் சொல்ல, நான் உன் வண்டிக் கதையைச் சொன்னேன். அவ்வளவு பேர் முன்னால் நான் இத்தனை நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. பாரம் ஏற்றுகிறவர்களிடம் போய் பாரம் ஏற்றுகிற சொல்லைப் பற்றிச் சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? இப்போது வரிசையில் நிற்கிறார்கள்.

"என் பேரு வருமா?"

"பேரு வராது. தொழில்தான் வரும்."

"அப்ப ஓட்டுநர்னு மொட்டையா போடாத. மூத்த ஓட்டுநர்னு போடு" என்றார் சைலன்ஸர்.

பத்துச் சீட்டு இத்துடன் வருகிறது. எல்லாம் நிஜம், எல்லாம் வேறு வேறு வாய். இடுப்புக்குக் கீழே வலப்பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. வயசு, வேறொன்றும் இல்லை.

அப்பா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இடுப்பு வலி எப்படி இருக்கிறது? டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லை அவரிடமும் தலையாட்டிவிட்டு வந்தீர்களா?

உங்கள் பத்துச் சீட்டையும் தலைமை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். சைலன்ஸர் வாக்கியத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மிச்சம் இருப்பது இரண்டு இடம். இன்சார்ஜுக்கு ஒரு வாய் குறைகிறது. டிஸ்சார்ஜுக்கு ஒரே ஒரு வாய்தான் கிடைத்திருக்கிறது. செப்டம்பர் பத்துக்குள் வராவிட்டால் அந்தப் பொருளையே கமிட்டி நீக்கிவிடும், பாதிச் சொல்லோடு போய் நிற்பேன். இங்கே ஒரு நாள் லீவு கேட்கக்கூட யாருக்கும் தைரியம் இல்லை. தினமும் ஒருவர் பெட்டியைக் கட்டுகிறார்.

உங்களை நம்பி,
மகள்


ஆகஸ்ட் 30

என் கண்ணுக்கு,

அப்பா சுகமாக இருக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். கிடங்கில் கொஞ்சம் நெருக்கடி, அதனால் பதில் தாமதம். நீ கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று சீட்டு, இங்கே திருப்பி எழுதாமல் கவரில் தனியாக வைத்திருக்கிறேன்:

சொன்னவர்: ஃபோர்க்லிஃப்ட் மூத்த ஓட்டுநர். இடம்: ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, நான்காம் கட்டில் அருகே. தேதி: ஆகஸ்ட் 17. யாரிடம்: கேண்டீன் அக்காவிடம். "சாயங்காலம் வரைக்கும் இவருக்கு நான்தான் இன்சார்ஜ். நீங்க போய் டீயப் போடுங்கக்கா."

சொன்னவர்: வார்டு நர்ஸ். இடம்: அதே கட்டில். தேதி: ஆகஸ்ட் 19. யாரிடம்: கட்டிலில் இருந்தவரிடம். "நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ். ஒரு மாசத்துக்கு ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. எழுதிக்கிட்டே தலையாட்டாதீங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னவர்: கேண்டீன் அக்கா. இடம்: ஆஸ்பத்திரி வாசல். தேதி: ஆகஸ்ட் 20. யாரிடம்: டாக்ஸிக்காரரிடம். "இப்பதான் டிஸ்சார்ஜ் ஆயி வர்றாரு. மேடு பள்ளம் பாத்து ஓட்டுப்பா, இல்ல நான் ஓட்டுவேன்."

போதுமா? முழுச் சொல்லோடு போய் நில்.

அப்பா


செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலம், நலம். உங்கள் சீட்டுகள் வந்த அன்று நான் குதித்ததில் கீழ்மாடிக்காரர் மேலே வந்து விசாரித்தார்.

இங்கே சீட்டு வந்ததும் அதன் மேல் பாதியைப் படிக்காமலே பின்னால் மடித்துவிடுவோம். சொன்னவர் யார் என்று தெரிந்தால் பொருள் பிரிக்கும்போது மனசு ஒரு பக்கம் சாயும் என்று அப்படி ஒரு வழக்கம். வாக்கியத்தை மட்டும் பார்ப்போம். மடிப்பைக் கமிட்டியில்தான் பிரிப்பார்கள். உங்கள் மூன்றையும் அப்படியே மடித்து இன்சார்ஜில் ஒன்று, டிஸ்சார்ஜில் இரண்டு என்று சொருகிவிட்டேன். அந்த 'மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க' வாக்கியம் என்ன உயிரோட்டம்! யார் யாரைத் திட்டினாரோ, பாவம்.

இருபத்தைந்தாம் தேதி கமிட்டி. முடிந்ததும் எழுதுகிறேன்.

உங்கள் மகள்


செப்டம்பர் 25

அப்பா,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காத மகள் எழுதுவது.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று கமிட்டியில் என் முறை. மூன்று பொருள் நன்றாகப் போயிற்று. நாலாவது இன்சார்ஜ். தலைமை ஆசிரியர் மடிப்பைப் பிரித்துப் படித்தார், சீட்டைக் கீழே வைத்தார். முறை மாறி அடுத்த சீட்டுக்கட்டிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டுகளை எடுத்துப் பிரித்தார்.

"ஏம்மா, இந்த மூணும் ஒரே கட்டிலைச் சுத்தி நடக்குதே. கட்டில்ல இருந்தது யாரு?"

"தெரியல சார்."

"சீட்டு எழுதினது?"

"எங்க அப்பா."

"அவரு எதுக்கும்மா நாலு நாளு ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதினாரு?"

அப்போதுதான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து எப்போதும் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். இதில் வரி கீழே சரிந்திருந்தது. படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

பதினெட்டாம் தேதி நான் போன் செய்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். யாருப்பா என்று கேட்டேன். டிவி என்றீர்கள். நானும் சரி வெச்சிடறேன் என்று வைத்துவிட்டேன். நீங்கள் கடிதத்தில் மறைத்ததைச் சீட்டில் மறைக்கவில்லை. தேதியோடு, கட்டில் நம்பரோடு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் அதை மடித்து வைத்துவிட்டு வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று குதித்திருக்கிறேன்.

எழுந்து வந்துவிட்டேன் அப்பா. இரண்டு பொருள் பாக்கி. லீவு கேட்கவில்லை, மிச்சத்தை எப்போது படிக்கலாம் என்றும் கேட்கவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். வந்தாலும் நேரில் நமக்கு நாலு வார்த்தைதான் வரும், அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். நான் திரும்பிப் போன பிறகு படியுங்கள். என்னை மன்னியுங்கள்.

மகள்


அக்டோபர் 8

என் கண்ணுக்கு,

அப்பா சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம், வேண்டுமானால் மூன்று வாய் வாங்கி அனுப்புகிறேன்.

உன் கடிதம் நீ கிளம்பிய மறுநாள் வந்தது. நேற்று நீ போனில் சொன்ன சேதியைக் கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டேன். நீ விட்டுவிட்டு வந்த இரண்டு பொருளையும் உன் தலைமை ஆசிரியரே எழுந்து நின்று படித்து முடித்தார் என்றும், வேலை நிரந்தரம் என்றும். சைலன்ஸர் அந்தச் சேதியைத் தன் குரலில் ஒரு தடவை திருப்பிச் சொன்னார், அதனால் அக்கம்பக்கத்துக்கும் தெரியும். அந்தப் பெரிய மனிதருக்கு என் வணக்கத்தைச் சொல். என் பொய்யைக் கிழித்தவரும் அவர், என் உண்மையைப் படித்தவரும் அவர்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? சொன்னால் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய் என்றுதான் கடிதத்தில் மறைத்தேன். சீட்டில் மறைக்க முடியவில்லை, சத்தியம் செய்து தொலைத்துவிட்டேனே. எழுதும்போது கை நின்றது. நர்ஸ் சொன்னது நிஜம், இடம் நிஜம். மாற்றி எழுதினால் உன் மேஜைக்கு இன்னொரு பொய்ச் சீட்டு. அனுப்பாமல் விட்டால் உனக்குப் பாதிச் சொல். சரி, வருவது வரட்டும் என்று அனுப்பினேன். நீ கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது. அதை விடு.

குடலிறக்கம் ஒன்றும் பெரிய வியாதி இல்லை. இரண்டு பேர் தூக்க வேண்டிய பேட்டரியை எட்டு வருடமாக ஒருவனே தூக்கினால், உள்ளே இருப்பது கோபித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்காதா? "ஒரு கை பிடிங்க" என்று யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அதற்குத்தான் வாய் வேண்டுமே. இப்போது சூப்பர்வைசர் எனக்குத் துணைக்கு இன்னொருவரைப் போட்டிருக்கிறார். அவர் வாயும் சும்மா இருப்பதில்லை.

அந்த நாலு நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா காலையில் வருவார். மத்தியானம் சைலன்ஸர் வந்து, தன் குரலுக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்ட மாதிரி மெதுவாகப் பேசுவார். அந்த வார்டே அவருக்குப் பயந்து அமைதியாக இருந்தது வேறு விஷயம். ஏப்ரல் மாதத்தில் இவர்களில் ஒருவர்கூட என்னிடம் இரண்டு வார்த்தை பேசியதில்லை. உன் ஐம்பது சீட்டு இல்லாவிட்டால் அந்தக் கட்டிலைச் சுற்றி யாருமே இருந்திருக்க மாட்டார்கள். உனக்கு உதவுகிறேன் என்று கிளம்பியவன் நான். யார் யாருக்கு உதவியது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அக்காவிடமும் சைலன்ஸரிடமும் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன். அழுதும் தொலைத்தேன். "இதையும் எழுதிக்கவா?" என்று அக்கா கேட்டார்.

உன்னிடம்தான் சொல்லவில்லை. நீ பையோடு வாசலில் நின்றபோது, "எதுக்கும்மா வந்தே, வேலை என்னாவும்?" என்று கேட்டேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட்டீங்களா?" என்றாய். "சாப்பிட்டேன்" என்றேன். இரண்டு நாளும் அப்படியே போயிற்று. பஸ் ஏறும்போது, "சரி, போனதும் போன் பண்ணு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நீ வர மாட்டாய், உனக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் கதவு மூடும் வரை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மாதம் கழித்து நம் வீட்டுக் கதவைத் திறந்தால் நீ நிற்கிறாய். அப்போது வாய் வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே நின்றுபோனது இதுதான்:

"வந்துட்டியா கண்ணு. உனக்காகத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."